தட்டாமல் விட்ட ஸ்க்ரூ

எங்கள் தெருவில் யாரும் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மெல்ல இருக்காரா?" என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள். யார் எதைத் தூக்கினாலும், எதை இறக்கினாலும், வண்டியைப் பின்னால் எடுத்தாலும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு "மெல்ல, மெல்ல" என்று ஓடி வருகிற மனிதர். முதலில் கேலிக்கு வைத்த பெயர். பிறகு கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கடைக்கு ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டலாம் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்றார். பலகை யார் தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது என்பது அவர் கவலை.

அவர் கார்புரேட்டர் மட்டும் பார்ப்பவர். மற்ற எதையும் தொடமாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பார்த்தாராம். ஒருநாள் ஜாக்கி வழுக்கி, தூக்கி நிறுத்தியிருந்த லாரி ஒரு சாண் கீழே இறங்கியது. அடியில் யாரும் இல்லை. பத்து நிமிஷத்துக்கு முன்புவரை இவர் இருந்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற, தானாக நகராத, யார் மேலும் விழாத சாமான் எது என்று யோசித்துத்தான் இந்த வேலையைப் பிடித்ததாகக் கல்யாணமான புதிதில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். இப்படி ஒரு ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. மற்ற மெக்கானிக்குகள் வண்டியிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பிரித்துப் போடுவது அவர். பெட்ரோலில் கழுவி, பம்பால் காற்றடித்து, டப்பா மூடிகளில் வரிசையாக வைப்பது நான். திரும்ப மாட்டுவது அவர். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. என் கையில் எந்த சோப்பும் போக்காத ஒரு பெட்ரோல் வாசனை உண்டு. என் தங்கை குழந்தைகள் அதற்காகவே என்னிடம் சாதம் ஊட்டிக்கொள்ள மாட்டார்கள்.

கார்புரேட்டரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான் அது. அதன் தொண்டையில் காசு அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு இருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தகடு திறக்கும், விட்டால் மூடும். அந்தத் தகட்டைப் பிடித்திருப்பவை எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு ஸ்க்ரூக்கள். அவை கழன்றால் வெளியே விழாது, நேராக என்ஜினுக்குள் போகும். அதனால் முறுக்கியதும் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற நுனியில் பஞ்ச் ஒன்றை வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டவேண்டும். நுனி நசுங்கிவிடும். பிறகு ஆயுசுக்கும் கழலாது. பஞ்ச் என்றால் கூர் மழுங்கிய ஆணி மாதிரி ஒன்று, அவ்வளவுதான்.

இவர் தட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிற ஆளா? முடித்த கார்புரேட்டரைத் திரும்பப் பிரிப்பார். தட்டினோமா என்று பார்ப்பார். மாட்டுவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் மறுபடி பிரிப்பார். ஒரு கார்புரேட்டரை ஏழு தடவை பிரித்த நாளில் எனக்குப் பொறுமை போய்விட்டது. என்னுடைய வெள்ளை நகப்பூச்சை எடுத்துவந்து, "தட்டினதும் ஆச்சுன்னு சொல்லுங்க. நான் ஸ்க்ரூ தலையில ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு இருந்தா அதுக்கு மேல நீங்க பார்க்கக்கூடாது. பார்த்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். என்ன மாயமோ, அது வேலை செய்தது. டக், டக் என்று சத்தம் வரும். "ஆச்சு" என்பார். நான் பொட்டு வைப்பேன். உலகத்தில் எதையும் நம்பாத மனிதர் அந்தப் பொட்டை நம்பினார்.

என் நாத்தனார், அதாவது இவருடைய தங்கை, வேறு ரகம். அண்ணனுக்கு வரவேண்டிய தைரியத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள். சின்ன டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறாள். ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். பின்னால் டிரெய்லரில் ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஊரின் மேட்டுப் பக்கத்தில் இரண்டு தெருக்களுக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது. கீழே பம்ப் செட்டில் நிரப்பிக்கொண்டு மேலே கொண்டுபோய் ஊற்றுவதுதான் அவள் பிழைப்பு. அந்த ஏற்றத்தின் பாதிக்கு மேல் என்ஜின் மூச்சு வாங்கும். ஆயிரம் லிட்டர் தொட்டி மாட்டவேண்டும், அதற்கு என்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டும் என்று அண்ணனிடம் வந்தாள்.

"தொண்டையைப் பெரிசு பண்ணு, ஜெட் ஓட்டையைப் பெரிசு பண்ணு. உனக்குத் தெரியாததா?" என்றாள்.

"சக்தி வரும். பிரேக்கு எங்கேர்ந்து வரும்?" என்றார் இவர். "மேட்டுல என்ஜின் நின்னுச்சுன்னா, அந்த பிரேக்கு ஆயிரம் லிட்டரைத் தாங்காது. அப்படியே பின்னால உருட்டிட்டு வரும்."

"நிக்காம இருக்கத்தான் சக்தி கேக்கறேன்."

"அப்புறம் கவர்னரையும் கழட்டுன்னு சொல்லுவே."

"சொல்லமாட்டேன்."

கவர்னர் என்பது என்ஜின் தலைதெறிக்க ஓடாமல் இழுத்துப் பிடிக்கிற அமைப்பு. அதைத் தொடவே மாட்டேன், சக்தி வேறு வேகம் வேறு என்று இவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அவள் கொட்டாவி விட்டாள். இரண்டு வாரம் இப்படியே இழுத்தது. அவள் தினமும் வருவாள், இவர் ஏதாவது ஒரு புதுப் பயத்தை எடுத்து நீட்டுவார்.

கடைசியில் வாயைக் கொடுத்தவள் நான். லேத் பட்டறைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே, "கூடப்பிறந்தவளுக்கு ஒரு ஒத்தாசை பண்ண இவ்வளவு யோசனையா? இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை" என்றேன். லேத்காரர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. இவர் எழுந்துபோனார். தங்கையின் டிராக்டரிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றி வந்து லேத்காரர் கையில் கொடுத்து, "தொண்டையில ரெண்டு மில்லி கடைஞ்சு எடுத்துக் குடுங்க" என்றார். அத்தோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

எனக்கும் ரோஷம் உண்டு. நானும் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

பேசாமலே வேலை நடந்தது. கோபத்தில் இருந்தாலும் அவர் வேலை செய்கிற அழகை நான் பார்க்காமல் இல்லை. கடைந்து வந்த தொண்டையை நைஸ் எமரி தாளால் நெடுநேரம் தேய்த்தார். பெட்ரோல் வருகிற ஜெட்டின் ஓட்டையை, தலைமுடிக்குக் கொஞ்சம் தடிமனான டிரில்லை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டிப் பெரிசாக்கினார். பித்தளைத் தகட்டைப் புதிதாக வெட்டி, அரத்தால் ராவி, தொண்டையில் வைத்து, பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சுற்றிலும் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே சரிசெய்தார். வாசலில் நின்ற டிராக்டரில் மாட்டி ஓட்டினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாது, கருத்திருந்தால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் சரி. நாலாவது தடவைதான் அந்த நிறம் வந்தது. நாத்தனார் ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் என்ஜின் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இப்படி மாற்றி மாற்றி மாட்டும்போது அந்த இரண்டு ஸ்க்ரூவையும் வெறுமனே முறுக்கி மட்டும்தான் வைப்பார். தட்டிவிட்டால் திரும்பக் கழற்ற முடியாதே. எல்லாம் முடிந்து கடைசியாகத் தகட்டை ஒருமுறை ராவி, முறுக்கி, தட்டுவார். அன்று சாயங்காலம் அந்தக் கடைசி முறுக்கு முடிந்தது. கார்புரேட்டரை விரித்த துணிமேல் வாய் மேலே பார்க்க வைத்தார். அப்போது வாசலில் லேத்காரர் கூப்பிட்டார். எழுந்து போனார்.

நான் சமையலறையிலிருந்து வந்தேன். கார்புரேட்டர் வாய் மேலே பார்த்து இருந்தது. முடித்தால் அவர் அப்படித்தான் வைப்பார். ஆச்சு என்று சொல்லவில்லையே என்று தோன்றவில்லை. இரண்டு நாளாகத்தான் அவர் எதுவுமே சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லை. நகப்பூச்சை எடுத்து இரண்டு ஸ்க்ரூ தலையிலும் பொட்டு வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் திரும்பி வந்தார், பொட்டைப் பார்த்தார், எடுத்துக்கொண்டுபோய் டிராக்டரில் மாட்டினார். நாத்தனார் பெரிய தொட்டியைப் பூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். யாருடையதோ ஒரு மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் முடிகிற நிலையில் இருந்தது. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டக், டக் என்று கேட்டது. மறுபடி டக், டக். பழக்கத்தில் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தேன். திறந்த கை அப்படியே நின்றது.

நேற்று இந்தச் சத்தம் கேட்கவில்லை.

சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் கதவு கிடையாது. பதினோரு வருஷத்தில் என் காதில் விழாமல் ஒரு தட்டு தட்டப்பட்டதில்லை. அரம் ராவிய சத்தம் கேட்டது. லேத்காரர் கூப்பிட்டது கேட்டது. நடுவில் டக் டக் இல்லை. பொட்டு வைத்ததற்குப் பிறகும் இல்லை.  ஒருவேளை நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். மனசு தேறவில்லை. முறுக்கு தளர்ந்தால் தகடு ஆடும். ஆடினால் கவர்னரால் ஒன்றும் செய்யமுடியாது, அது பிடித்து இழுப்பது இந்தத் தகட்டைத்தான். ஸ்க்ரூ உள்ளே போனால் என்ஜின் அந்த நொடியே நிற்கும். மேட்டில் நிற்கும். பின்னால் ஆயிரம் லிட்டர்.

"என்னங்க" என்றேன். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவர் திரும்பினார்.

"நேத்து உங்க தங்கச்சி வண்டிக்கு நீங்க தட்டலை."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். "தட்டலையா?" என்றார். "நான் தட்டலையா?"

அந்த இடத்திலேயே நான் அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்க வேண்டும். தட்டுவதற்கு முன்பே பொட்டு வைத்துவிட்டேன் என்று. சொல்லவில்லை.  முதலில் அவளைப் பிடிப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயத்தில் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்ன வாய் இது.

போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த என்ஜின் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? அவர் ஸ்பேனர், பஞ்ச், சுத்தியல், அடியில் வைத்துத் தட்டுகிற சின்ன இரும்புக்கட்டி எல்லாவற்றையும் துண்டில் சுருட்டினார். ஸ்கூட்டரை எடுத்தார். பட்டறைக் கதவைப் பூட்டவில்லை. கேஸை மூடினோமா என்று கேட்கவில்லை. வெளியே போகும்போது மூன்று தடவை கேட்கிற மனிதர் ஒருதடவை கூடக் கேட்காமல் கிளம்பியதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம் கூடியது.

சைக்கிள்காரர்கள் எல்லாம் தாண்டிப்போக விட்டு ஓரமாக ஊர்ந்து போகிறவர் அன்று பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து போனார். நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னாலிருந்து அவர் பேசிக்கொண்டே வந்தது துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"எனக்குத் தட்டின ஞாபகம் இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. அப்படின்னா ஞாபகமும் பொய்யா?"

நான் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"இனிமே நான் எதையும் தொடமாட்டேன்" என்றார். "அவளுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தாப் போதும். இனிமே நான் ஸ்பேனரே தொடமாட்டேன்."

பம்ப் செட்டில் டிராக்டர் இல்லை. அங்கே குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள், "இப்பத்தான் கிளம்பிச்சு. நாலாவது லோடு. என்னா இழுவை இழுக்குது தெரியுமா? மெல்லக்கிட்ட குடுத்து ரெடி பண்ணினதாம்" என்றார், எதிரில் நிற்பவர்தான் மெல்ல என்று தெரியாமல்.

ஏற்றம் தொடங்குகிற திருப்பத்தில் அவர் வண்டியை நிறுத்திக் காதைக் கொடுத்தார். எனக்கும் கேட்டது. மேலே எங்கேயோ என்ஜின் ஏறுகிற சத்தம். சீராக இல்லை. ஒரு நிமிஷம் கத்துகிறது, சட்டென்று தணிகிறது, மறுபடி கத்துகிறது.

"ஆடுது" என்றார். "தகடு ஆடுது."

நான் கத்திக் கூப்பிடப் போனேன். என் கையைப் பிடித்து அழுத்தினார். "கூப்பிடாதே. திரும்பிப் பார்த்துட்டு அங்கேயே நிறுத்திட்டான்னா அவ்வளவுதான். மாவு மில்லு வரைக்கும் அவ போகட்டும்."

அந்தச் சாலை இரண்டு பக்கமும் கருங்கல் சுவரோடு நேராக ஏறும். பாதியில் மாவு மில் வாசலில் மட்டும் பத்துப் பதினைந்து அடிக்குச் சமதளம். அதற்கு மேலே இன்னும் செங்குத்து. நிறுத்துவதென்றால் அந்த ஒரு இடத்தில்தான் நிறுத்தலாம்.

"அது வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டேன். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஏறாது. நான் குதித்து இறங்கிக்கொண்டேன். அவர் போனார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். திருப்பம் தாண்டியதும் தெரிந்தது. பெரிய கறுப்புத் தொட்டி சாலையை அடைத்துக்கொண்டு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது. என்ஜின் கத்தும்போதெல்லாம் முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. தணியும்போது மொத்த வண்டியும் அப்படியே தயங்கியது. அந்தத் தயக்கம் ஒவ்வொன்றுக்கும் என் உயிர் போய்விட்டு வந்தது. மூடி இடுக்கிலிருந்து தண்ணீர் சிதறிச் சாலையெல்லாம் ஈரம். நான் ஓடிக்கொண்டிருப்பது நேராக அந்தத் தொட்டிக்குப் பின்னால் என்று அப்போதுதான் உறைத்தது. சுவரோரமாக ஒதுங்கினேன். ஒதுங்கினேன் என்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, யாராக இருந்தாலும் ஒதுங்குவார்கள்.

டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவு இடம்தான் இருந்தது. அவர் அதற்குள் ஸ்கூட்டரை விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவரைக் காணவில்லை. டிராக்டர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. தயங்கியது. ஏறியது. என்ஜின் ஒருமுறை பெரிதாக அலறியது. பிறகு சத்தமே இல்லை.

சத்தம் நின்றதும் நானும் நின்றேன். சுவரில் சாய்ந்துகொண்டு தொட்டி பின்னால் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் டிராக்டர் சமதளத்தில் நிற்கிறது, பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை, நாத்தனார் சீட்டில் உட்கார்ந்தபடி அண்ணனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நடுரோட்டுல ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறே? ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் அருகில் போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ பாதிக்கு மேல் வெளியே வந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் விரல் நகத்தால் தொட்டதும் சுழன்றது. இன்னொன்றும் ஆடியது. இரண்டின் தலையிலும் என் வெள்ளைப் பொட்டு பளிச்சென்று இருந்தது.

"பொட்டு இருக்கே" என்றார்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தங்கை பக்கம் திரும்பி, "தட்ட மறந்துட்டேன்மா. என் தப்புதான்" என்றார்.

அந்த மனிதர் எனக்காக அதைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. கோபம்கூட வந்தது. "அவர் மறக்கலை" என்றேன். "அவர் தட்டறதுக்கு முன்னாடி நான் பொட்டு வச்சுட்டேன். பொட்டைப் பார்த்துட்டு அவர் மாட்டிட்டார். காலையிலேயே சொல்லியிருக்கணும். சொல்லலை."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் அவர், மெதுவாக.

"நாமதான் பேசிக்கலையே."

நாத்தனார் இறங்கி வந்து அந்த ஸ்க்ரூவை எட்டிப் பார்த்தாள். இது கழன்று உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். இவர் சொன்னார். அவள் மில் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். "காலையிலேர்ந்து மூணு தடவை ஏறியிருக்கேன்" என்றாள். இறங்கிப்போகிற சாலையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவையும் அதைச் சொன்னாள்.  திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது. அவள் திட்டவில்லை.

"தண்ணியைத் திறந்து விட்டுடலாம்" என்றார் இவர். "காலி வண்டியாக் கீழே இறக்கிடலாம்."

"மேல ரெண்டாவது தெருவுக்கு மூணு நாளாத் தண்ணி இல்லைண்ணா. காலையில ஊத்தினது முதல் தெருவுக்கே சரியாப்போச்சு. எல்லாரும் குடத்தை வச்சுட்டு நிக்கிறாங்க." கொஞ்சம் பொறுத்து, "இங்கேயே தட்ட முடியுமா?" என்றாள்.

முடியும் என்றார். பெட்ரோல் குழாயை மூடி, இரண்டு நட்டைக் கழற்றி, கார்புரேட்டரைக் கையில் எடுத்தார். ஸ்க்ரூக்களை முறுக்கினார். இரும்புக்கட்டியைப் படிக்கட்டில் வைத்து, அதன்மேல் கார்புரேட்டரைச் சாய்த்து, பஞ்சை எடுத்தார். பஞ்ச் நுனி ஸ்க்ரூமேல் நிற்கவில்லை. கை அப்படி ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தால் தகட்டைத் தாங்குகிற கம்பி வளைந்துவிடும், தகடு திறந்தபடி மாட்டிக்கொள்ளும். அது இதைவிட மோசம்.

"நீ தட்டு" என்றார்.

"நானா? நான் ஒருநாளும் தட்டினதில்லையே."

"கேட்டிருக்கே இல்ல? அந்தச் சத்தம் வர்ற மாதிரி தட்டு."

அவர் கார்புரேட்டரை இரும்புக்கட்டிமேலேயே வைத்து நெஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பஞ்சை வைத்தேன். கைக்குப் பழக்கமில்லை. ஆனால் காதுக்கு அந்தச் சத்தம் தெரியும். தட்டினேன். முதல் தட்டு மந்தமாக விழுந்தது. அடுத்தது சரியாக விழுந்தது. "இன்னொண்ணு" என்றார். தட்டினேன். இரண்டாவது ஸ்க்ரூவுக்கு இரண்டே தட்டில் முடிந்தது. அவர் தகட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். ஸ்பேனர் நுனியால் ஸ்க்ரூவை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. "ஆச்சு" என்றார்.

மாட்டி ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் சீராக ஓடியது. கத்தவும் இல்லை, தணியவும் இல்லை. நாத்தனார் சீட்டில் ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேலே இருக்கிற செங்குத்தைப் பார்த்தாள். கியரில் கை வைத்தாள், எடுத்தாள்.

"எனக்கு முடியலை அண்ணி" என்றாள். "காலையில தெரியாம ஏறிட்டேன். இப்போ தெரிஞ்சுபோச்சு. நீங்களும் ஏறுங்க. நீங்க தட்டினதுதானே."

அவள் குத்திக்காட்டவில்லை. குழந்தை துணைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்சக்கரத்தின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரும்பு சுட்டது. என் அப்பாவை, அம்மாவை, என் தங்கை குழந்தைகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன். நாலு தட்டுதான் தட்டவேண்டியது, ஐந்து தட்டிவிட்டேனே, அந்த ஒன்று அதிகமாகிவிட்டதோ என்று வேறு யோசனை ஓடியது.

வண்டி நகர்ந்தது. சமதளம் முடிந்து மூக்கு மேலே தூக்கியதும் தொட்டிக்குள் தண்ணீர் பின்பக்கம் சரிந்து மோதியது. நான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் டிரெய்லருக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்து வந்துகொண்டிருந்தார். முட்டுக்கட்டையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தார். பார்வை சக்கரத்தின் மேலேயே இருந்தது. அந்த மேட்டில் அதைவிட மோசமான இடம் வேறு கிடையாது. அது அவருக்குத் தெரியாதா? ஆயிரம் லிட்டர் என்ன செய்யும் என்று இரண்டு வாரம் எங்களுக்குச் சொன்னவரே அவர்தான்.

"சுவரோரமா வாங்க" என்று கத்தினேன்.

தலையை ஆட்டினார். "அங்கே நின்னா கட்டையைப் போட முடியாது" என்றார்.

"போதும், ஓரமா வாங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண்ணில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. கால் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. "நீ கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார்.

நாத்தனார் கியரை மாற்றினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவர் ஒரு அடி முன்னால் பாய்ந்து கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே நீட்டினார். வண்டி பிடித்துக்கொண்டு ஏறியது. அவர் கட்டையை மறுபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டு அதே நாலடியில் வந்தார். மேலே தெருமுனையில் குடங்கள் இடிபடுகிற சத்தமும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி மேட்டைத் தாண்டித் தரையில் நேராக நிற்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.